அளவு ஜாக்கெட்

ஜூன் 3, திங்கள்

இன்று நான்கு பெண்களின் இடுப்பை அளந்தேன். நான்கு பேருமே டேப்பைக் கண்டதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். “மூச்சை விடுங்க” என்று சொல்ல வேண்டும். எனக்குக் கூச்சம். முதல் மூன்று பேருக்கும் பிரிஸ்கில்லா அக்காதான் சொன்னார். அவர் ரத்தம் எடுப்பவர், திருநெல்வேலிப் பக்கம். நான் அளப்பவள், எழுதுபவள்.

வேலை ஆறு மாதம். திருப்பூரில் எங்கள் வார்டில் குலுக்கிப் போட்டு எடுத்த வீடுகளுக்குப் போய், வீட்டின் வசதிக்கும் வீட்டில் உள்ளவர்கள் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்க வேண்டும். பார்ப்பது ஐந்து: இடுப்பு, பிரஷர், சர்க்கரை, ரத்தத்தில் இரண்டு வகைக் கொழுப்பு. ஐந்தில் மூன்று மோசமாக இருந்தால் அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. பெண்களுக்கு இடுப்பு எண்பது சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

போன வாரப் பயிற்சியில் ஒருவரை ஒருவர் அளந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த நேரம் நான் ஸ்டேப்ளர் பின் தேடப் போயிருந்தேன். திரும்பி வந்து என் பெயருக்கு நேராக 76 என்று நானே எழுதினேன். கல்லூரியில் சேர்ந்த வருடம் என்.எஸ்.எஸ். முகாமில் எடுத்த அளவு. அப்போது தைத்த சுடிதாரைத்தான் இன்றும் போட்டிருக்கிறேன். ஆகவே அதே அளவுதான்.

புள்ளியியல் படித்தவள் என்பதால் தர்க்கமாகத்தான் யோசிப்பேன்.

ஜூன் 5, புதன்

மகிழம்பூ நகர். தெருவில் நாய்க்கும் பெல்ட், நடக்கிறவர்களுக்கும் கையில் ஒரு பெல்ட், எத்தனை அடி நடந்தார்கள் என்று சொல்ல.

ஒரு பெரிய வீட்டு அம்மாவிடம் “உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?” என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். “வெறும் வயித்துல நூத்தி முப்பது. பிரஷருக்கு ரெண்டு மாத்திர. கொழுப்புக்கு ஒண்ணு. பதினோரு வருசமாச்சு.” குழந்தையின் பிறந்த நட்சத்திரம் சொல்வது போல அத்தனை தெளிவு. “ஃபைல் எடுத்துட்டு வா” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

ஃபைலைக் கொண்டு வந்தது எங்கள் லைன் வீட்டு வரிசையில் குடியிருக்கும் பாப்பாத்தி அக்கா. அங்கே பாத்திரம் கழுவுகிறார். என்னைப் பார்த்து, “அட, நம்ம துளசிமணி புள்ள மகுடி!” என்றார். துளசிமணி என் அம்மா, மகுடி நான். வாசலுக்கு வெளியே வந்ததும், “உங்களுக்கு ஏதாச்சும் இருக்குங்களாக்கா?” என்று கேட்டேன்.

“எனக்கொண்ணும் இல்ல அம்மிணி. நாந்தான் ஆஸ்பத்திரிக்கே போனதில்லியே!”

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

சாயங்காலம் பேக்கரியில் பிரிஸ்கில்லா அக்காவும் நானும் ஆளுக்கு ஒரு முட்டை பப்ஸ். எனக்கு இரண்டு. வெயிலில் அலைந்த வேலை.

ஜூன் 8, சனி

இன்று எங்கள் பக்கத்து லைன் வீடுகள். காலை ஆறரைக்கே போய்விட்டோம். பனியன் கம்பெனி வேன் ஏழே முக்காலுக்கு வந்து ஆளை அள்ளிக்கொண்டு போய்விடும். முந்தின நாளே வீடு வீடாகச் சொல்லியிருந்தோம், வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று.

“ஏதாவது சாப்பிட்டீங்களாக்கா?”

“பச்சத்தண்ணி பல்லுல படலீங்.”

“டீ?”

“அது குடிச்சனுங்க.”

“கூட ஏதாவது?”

“வர்க்கி ரெண்டு. டீக்குத் தொட்டுக்க.”

ஒன்பது வீட்டில் ஏழு வீடு இப்படித்தான். யாரும் பொய் சொல்லவில்லை. சோறும் இட்லியும்தான் கணக்கு. டீ என்பது பல் தேய்ப்பதைப் போல, எழுந்ததற்கு அடையாளம். “ஏட்டி, இந்த ஊருல டீயை ரத்தக் குரூப்புல சேத்துருக்கணும்” என்று பிரிஸ்கில்லா அக்கா ஊசிகளை மறுபடி பெட்டிக்குள் வைத்தார்.

படிவத்தின் முதல் பகுதி வீட்டுக்கு மதிப்பெண் போடும். கூரை, ஃபிரிட்ஜ், வண்டி, படிப்பு. விளையாட்டாக எங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். என் பட்டத்தால் எங்கள் குடும்பம் ஒரு படி மேலே ஏறியிருக்கிறது. வாசலில் உடைந்த படி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

அம்மாவுக்குக் கம்பெனி லீவு. அதனால் வீட்டில் தையல். வாரத்தில் ஆறு நாள் பவர் டேபிள் மெஷினில் பனியன் தைத்துவிட்டு, ஏழாம் நாள் இளைப்பாறத் தெருவுக்கே ஜாக்கெட் தைக்கிறாள்.

அளக்கும் வேலை செய்வதால் இன்று ஒன்று கவனித்தேன். அம்மாவிடம் ஜாக்கெட் தைக்க வரும் யாரும் அளவு கொடுப்பதில்லை. அளவு ஜாக்கெட்தான் கொடுக்கிறார்கள். பழைய ஜாக்கெட் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்து, “இதே அளவு துளசி” என்கிறார்கள். பாப்பாத்தி அக்கா கொடுத்தது அவர் மகள் காதுகுத்துக்குத் தைத்தது. அந்த மகளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள்.

“அதே அளவுலயேவாம்மா தைப்பே?”

அம்மா ஊசியில் நூல் கோத்தபடி, “அதே அளவுல தெச்சா அவ தலைல மாட்டிக்கிட்டுத்தான் போகோணும்” என்றாள். “ஆளைப் பாத்து நானா ரெண்டு இஞ்சு விட்டு வெட்டுவேன். போட்டுப் பாத்துட்டு, ‘பாத்தியா, எனக்கு இத்தன வருசமா ஒரே அளவு’ம்பா. ஆமாங்க்காம்பேன்.”

எங்கள் தெருவில் பெண்கள் யாரும் பெருப்பதில்லை என்ற ரகசியம் இன்று விளங்கியது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அம்மாவின் இடது ஆள்காட்டி விரலில் சித்திரைக் கடைசியில் ஊசி ஏறிய இடம். இன்னும் பிளாஸ்திரி போட்டிருக்கிறாள். மஞ்சள் வைத்தாளாம்.

ஜூன் 11, செவ்வாய்

புதுப் பட்டியல் வந்தது. கதவு எண் 14. எங்கள் வீடு.

சொந்த வீட்டை நான் அளக்கக் கூடாது. பிரிஸ்கில்லா அக்காதான் எல்லாம் செய்ய வேண்டும். அப்பா லாரியில் வடக்கே போயிருப்பதால் பட்டியலில் அம்மா மட்டும். மூன்று முறை போயும் எடுக்க முடியாவிட்டால் அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும் என்பது விதி.

அம்மாவிடம் சொன்னேன். “ஊரையெல்லாம் அளந்து முடிச்சாச்சா, என்கிட்ட வந்துட்டே?” என்றாள். அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். செருப்பைக் கழற்றுமுன் ஒரு சொம்பு தண்ணீர், கழற்றியபின் ஒரு சொம்பு.

ஜூன் 13, வியாழன்

முதல் முறை. அம்மா டீ குடித்துவிட்டாள்.

“சொன்னேனில்லம்மா!”

“மறந்துட்டேன்.”

டம்ளர் பிரிஸ்கில்லா அக்கா வருகிற வழியைப் பார்த்த ஜன்னலில் இருந்தது. எங்கள் வீட்டில் டம்ளர் வைக்கிற இடம் அது இல்லை.

ஜூன் 15, சனி

இரண்டாம் முறை. “இன்னிக்கு வேன் சீக்கிரம்” என்று ஆறு மணிக்கே கிளம்பிவிட்டாள். ஏழே முக்காலுக்கு நான் பக்கத்துத் தெருவில் ஒருவர் இடுப்பில் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அதே வேன் வழக்கம்போல வந்தது. பிள்ளையார் கோயிலிலிருந்து அம்மா வெளியே வந்து ஏறினாள். நெற்றியில் விபூதி. பிள்ளையாருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்ன சொல்லியிருப்பாளோ!

அவள் வீடு திரும்பியதும் சண்டை போட்டேன். என் சண்டை என்பது சட்டியை அடுப்பில் சற்றே சத்தமாக வைப்பது. அம்மா புரிந்துகொண்டு அவளே சொன்னாள்.

“கலாமணி இருந்தாளில்ல, எனக்குப் பக்கத்து மெஷினு? கம்பெனி முகாம்ல சக்கரைன்னு காயிதத்துல எழுதிக் குடுத்தாங்க. அடிக்கடி பாத்ரூம் போறான்னு மெஷின்ல இருந்து எந்திரிக்கச் சொல்லி கொறைஞ்ச கூலிக்கு நூல் வெட்டப் போட்டுட்டான் சூப்பர்வைசரு. கம்பெனில எங்க தையல் லைன்ல முப்பது பேத்துக்கு ஒரு டோக்கன். அதைக் கையில வாங்குனாத்தான் பாத்ரூமு. அடிக்கடி வாங்கறது யாருன்னு அவன் கண்ணுல எண்ணெய் ஊத்திட்டுப் பாக்கறான்.”

“அதுக்கு நீ என்ன பண்றே?”

“தண்ணி குடிக்கறதில்ல.”

எங்கள் படிவத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான், கம்பெனிக்குப் போகாது என்று விளக்கினேன்.

“நம்பர் போட்டாலும் அது நாந்தான?” என்றாள்.

இரண்டாவது சொம்பை நானே மொண்டு கொடுத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

நீலச் சுடிதாரில் பக்கத்தில் நூல் தொங்கியது. வெட்டலாம் என்று உள்பக்கம் புரட்டினேன். தையலுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பொடி ஓட்டைகள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. இப்போதைய தையல் துணியின் ஓரத்தில், விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

“ம்மா, இதென்ன ஓட்டை ஓட்டையா?”

“பழைய தையலு.”

“எப்பப் பிரிச்சு விட்டே?”

“தொவைக்கத் தொவைக்கத் துணி சுருங்குமில்ல.”

மெரூனை எடுத்துப் பார்த்தேன். பச்சையை எடுத்தேன்.

“எல்லாமேவா சுருங்குச்சு?”

“எல்லாத்தையும் ஒரே தண்ணிலதான தொவைக்கறோம்?” அம்மா மெஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

எழுபத்தாறு. எனக்கு இத்தனை வருடமாக ஒரே அளவு.

கொடியில் காய்ந்த அம்மாவின் ஜாக்கெட்டையும் புரட்டினேன். மூன்று வரிசை ஓட்டை, நான்காவதாகத் தையல். முதல் வரிசையில் ஆரஞ்சு நூல் ஒரு துண்டு மீதி இருந்தது. ஆரஞ்சு நூல்கண்டு எங்கள் வீட்டில் நான் கல்லூரி முதல் வருடம் படித்தபோது இருந்தது. அந்த ஜூனில்தான் அம்மா ஒன்றரை ஷிஃப்டு போக ஆரம்பித்தாள். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்கு எழுந்திருப்பது. நடுவில் கம்பெனி கொடுக்கும் டீயும் பன்னும், சாயங்காலம் டீயும் போண்டாவும். அதுவரை ஒரு ஷிஃப்டுதான். சாயங்காலம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நடத்தியே கூட்டி வருவாள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நாளைக்கு மகிழம்பூ நகரில் ஆறு வீடு. டேப்பில் 80க்குப் பக்கத்தில் அழுக்கு, துடைக்க வேண்டும்.

ஜூன் 17, திங்கள்

பப்ஸ் ஒன்றுதான். பிரிஸ்கில்லா அக்கா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

ஜூன் 18, செவ்வாய்

மூன்றாம் முறை.

ஐந்து மணிக்கே எழுந்து டீத்தூள் டப்பாவை என் ஆபீஸ் பைக்குள் போட்டுக்கொண்டேன். அம்மா தேடிவிட்டு, “எலி தூக்கீட்டுப் போயிருச்சாட்ட இருக்குது” என்று என்னையே பார்த்தாள். ஆறரைக்குப் பிரிஸ்கில்லா அக்கா பெட்டியோடு வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, ரெண்டு சொட்டு ரத்தம், ஒரு சுத்து டேப்பு. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும் கேட்டியளா” என்றார்.

“எனக்கு என்னத்தைங்க பாக்கறீங்க? கல்லாட்ட இருக்கறேன்.” அம்மா பாயைச் சுருட்டினாள். சுருட்டிய பாயை விரித்து மறுபடியும் சுருட்டினாள்.

அம்மாவின் இஞ்ச் டேப் மெஷினில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். கையைத் தூக்கியது தூக்கியதுதான்.

“என்ன அம்மிணி இது, போலீஸ் புடிச்சாப்பல?”

“அளம்மா. அளவு ஜாக்கெட் வேண்டாம். என்னை அள.”

அம்மா டேப்பைச் சுற்றினாள். நான் என்னை அறியாமல் வயிற்றை உள்ளே இழுத்தேன்.

“மூச்ச விடு. ஜாக்கெட் தைக்கறவகிட்ட மூச்சப் புடிச்சு ஏமாத்தறாளாமா!”

விட்டேன்.

“முப்பத்திநாலே கால்.”

பிரிஸ்கில்லா அக்கா செல்போனில் பெருக்கிப் பார்த்தார். “எம்பத்தேழு. ஏட்டி, அன்னைக்கு எழுபத்தாறுன்னு எழுதுனியே, அது எந்த ஊரு எழுபத்தாறு?”

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் கையை இறக்கவில்லை. அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“நான் பிரிச்சு விட்டிருக்கக் கூடாது” என்றாள். டேப்பை மெஷினில் மாட்டிவிட்டு, “எனக்கும் தெரியுமில்ல அம்மிணி. இந்த விரல் ஆறாதப்பவே தெரியும். தெரிஞ்சது காயிதத்துல வர வேண்டாம்னு பாத்தேன்.”

பாயை மூலையில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, இடது கையை நீட்டினாள். பிளாஸ்திரி போட்ட விரலை மட்டும் மடக்கிக்கொண்டாள்.

ஊசி போனபோது அம்மா முகத்தைத் திருப்பவில்லை. நான் திருப்பிக்கொண்டேன். தினம் எத்தனையோ பேருக்குப் பார்க்கிறேன், இன்று மட்டும் சுவரில் இருந்த காலண்டரில் ராகுகாலம் எத்தனை மணி என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிறகு டீத்தூள் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். “எலி கொண்டாந்து குடுத்துருச்சு பாருங்க” என்று அம்மா பிரிஸ்கில்லா அக்காவிடம் சொன்னாள்.

ஜூன் 22, சனி

முடிவு வந்தது. இடுப்பு 96. பிரஷர் 150க்கு 92. வெறும் வயிற்றில் சர்க்கரை 214. கொழுப்பில் ஒன்று அதிகம், இன்னொன்று தப்பித்தது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“அஞ்சுக்கு எத்தனை?”

“நாலு.”

“நீ ஒருக்காலும் இத்தன மார்க்கு வாங்குனதில்ல” என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் மெஷினைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். “மெஷினை விட்டு எந்திரிக்கச் சொல்லிட்டான்னா?”

எங்கள் படிவத்தின்படி, மகிழம்பூ நகரிலும் ஐந்துக்கு நான்கு உண்டு. அங்கே நோய்க்குப் பதினோரு வயது, அதற்கென்று ஃபைல், மாத்திரை டப்பா, நடக்க ஒரு தெரு. எங்கள் லைன் வீடுகளில் எல்லார் நோயும் இந்த மாதம்தான் பிறந்திருக்கிறது. எத்தனை வருடம் பெயர் வைக்காமல் வளர்ந்ததோ!

இன்று அரை நாள் லீவு போட்டு இருவரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள். விரலைக் கழுவிக் கட்டுப் போட்டார்கள். நர்ஸ், “தண்ணி நல்லாக் குடிங்க” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் நர்ஸைப் பார்த்தேன். டோக்கன் விஷயத்தை நர்ஸிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 25, செவ்வாய்

வேனில் ஏதோ நடக்கிறது. பாப்பாத்தி அக்காவின் மருமகள் உட்பட, எங்கள் பக்கத்திலிருந்து கம்பெனியில் அம்மாவின் தையல் லைனுக்குப் போகிறவர்கள் ஒன்பது பேர். பரிசோதனைக்கு வந்தவர்களில் யாருக்கு என்ன முடிவு என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது. திறக்கவுமில்லை. திறக்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. அம்மாதான் வேனில் ஏறி முதல் ஆளாகத் தன் சர்க்கரையைச் சொல்லியிருக்கிறாள். இறங்குவதற்குள் இன்னும் நான்கு பேர் சொல்லிவிட்டார்களாம்.

ஜூன் 27, வியாழன்

அம்மா கம்பெனிக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போனாள். ஒரு லிட்டர்.

வேன் வாசலில் பார்த்தேன். ஒன்பது பேர் கையிலும் பாட்டில். சர்க்கரை இருப்பவர், இல்லாதவர், பரிசோதனைக்கே வராதவர், எல்லார் கையிலும்.

ராத்திரி அம்மா சொன்னாள், “டோக்கன் கீழயே எறங்கல. ஒருத்தி வந்தா அடுத்தவ வாங்கறா. மத்தியானத்துக்குள்ள லைன்ல இருந்த மத்தவளுகளும் தண்ணி குடிக்க ஆரம்பிச்சுட்டாளுக. சூப்பர்வைசரு நோட்டு எடுத்தான், பேர் எழுதறக்கு. ரெண்டு பக்கம் எழுதீட்டு மூடி வெச்சுட்டான்.”

“மெஷினை விட்டு எந்திரிக்கச் சொன்னா?”

“முப்பது பேத்தையும் நூல் வெட்டப் போட்டா, பனியனை அவங்கம்மாளா வந்து தெப்பா? யாருக்குச் சக்கரைன்னு அவனே ஊசி போட்டுப் பாத்துக்கட்டும்.”

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஷிப்மென்ட் அவசரம் முடிந்ததும் சூப்பர்வைசருக்குக் கோபம் திரும்பி வரலாம். இன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர்தான் குடித்தாள்.

ஜூன் 29, சனி

ராத்திரி பாப்பாத்தி அக்கா மறுபடியும் அதே அளவு ஜாக்கெட்டோடு வந்தார். அம்மா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “கையைத் தூக்குங்க்கா” என்று டேப்பை எடுத்தாள்.

“எதுக்குடி? அதான் அளவு குடுத்திருக்கறேனே!”

“அது உங்க அளவு இல்லீங். அது உங்க புள்ள காதுகுத்தோட அளவு.”

பாப்பாத்தி அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். திங்கட்கிழமை சுகாதார நிலையத்துக்கு என்னோடு வருகிறாராம், சும்மா துணைக்கு. டீ குடிக்காமல் வரச் சொன்னேன். “வர்க்கி?” என்று கேட்டார்.

ஜூன் 30, ஞாயிறு

அம்மா எனக்குப் புதுச் சுடிதார் தைத்திருக்கிறாள். வெந்தய நிறம். முப்பத்திநாலே கால்.

“உள்ள ஒரு நூல் துணி விடல. இனிப் பிரிக்க முடியாது. பாத்துக்க” என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கையில் கொடுத்தாள். கட்டுப் பிரித்த விரலில் தோல் கொஞ்சம் மூடியிருந்தது.

நாளையிலிருந்து காலையில் பிள்ளையார் கோயில் வரை இருவரும் நடப்பதாகப் பேச்சு. வேன் அங்கேயே வந்து ஏற்றிக்கொள்ளும். “ஒன்றே முக்கால் மணி நேரமாம்மா?” என்று கேட்டேன். முறைத்தாள்.

அவள் டீ வைக்கப் போனதும் (சர்க்கரை இல்லாமல், அரை டம்ளர், முகத்தை ஏழு கோணலாக்கிக்கொண்டு) சுடிதாரை உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் விட்டிருக்கிறாள்.